பெரிய வண்டி, பழைய எஞ்சின்: 'ஸ்டாண்டர்டு 2000' குறித்துச் சில குறிப்புகள்

1

கார் கம்பெனி ஒன்று மூடப்பட்ட கதையைச் சிறுபத்திரிகையில் எதற்கு எழுத வேண்டும் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நமது விமர்சன மரபில் நூல்களுக்கு வரலாறு உண்டு, இயக்கங்களுக்கு உண்டு, சாதிகளுக்கு உண்டு, கோயில்களுக்கும் உண்டு. பண்டங்களுக்குக் கிடையாது. பண்டத்தின் மாயம் பற்றி மார்க்ஸ் சொன்னதை மேடைக்கு மேடை எடுத்துச் சொல்கிறோம். எந்தப் பண்டம், எந்த ஊரில், எந்த வருஷம், யார் போட்ட கணக்கில் பிறந்தது என்று கேட்டால் பேச்சு நின்றுபோகிறது. அந்த இடைவெளியில்தான் 'சந்தை தீர்மானித்தது', 'நுகர்வோர் விரும்பினர்' என்கிற சொல்லாடல்கள் வந்து உட்கார்ந்துகொண்டு நமக்கான வரலாற்றை எழுதிவிடுகின்றன.

இங்கே எடுத்துக்கொள்ளும் கேள்வி எளிமையானது. ஒரு கார் கம்பெனி தன் வரிசையின் உச்சியில் வைக்க, தன் முகமாக நிறுத்த, ஒரு பெரிய குடும்பக் காரைக் கட்டலாமா? இயக்குநர் குழு அறைக்குள் மூடிய கதவுக்குப் பின்னால் கேட்கப்படும் கேள்வி இது. பதிலும் அங்கேயே சொல்லப்படுகிறது. தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி ஒருமுறை மெய்யாகவே எழுந்தது. 'கட்டலாம்' என்று பதிலும் சொல்லப்பட்டது. 1985இல் சென்னைக்குத் தெற்கே வண்டலூர் - பெருங்களத்தூர்ப் பக்கம் இருந்த 'ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா' என்ற கம்பெனி 'ஸ்டாண்டர்டு 2000' என்ற பெரிய காரைக் கொண்டுவந்தது. 1988 வாக்கில் அதன் உற்பத்தி நின்றது. அத்தோடு கம்பெனியும் முடிந்தது.

இந்தச் சாவுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், 'ஏழை நாட்டில் பெரிய கார் எடுபடாது' என்பது. கேட்பதற்கு முற்போக்காகக்கூட இருக்கிறது. ஆனால் வரலாறு இதற்கு இசைவதாயில்லை. வண்டியின் அளவு அந்தக் கம்பெனியைக் கொல்லவில்லை. புதுத் தோலைப் போர்த்திப் பழைய எஞ்சினை விற்க முயன்றதும், யாருடைய வாழ்க்கையைப் பார்த்து வண்டி கட்டுவது என்ற பழைய பாடத்தை அது மறந்ததும்தான் கொன்றன. இதே சங்கதி பனியன் கம்பெனிக்காரர்களாகிய நமக்கும் பொருந்தும் என்பதால் திருப்பூர்ப் பக்கம் உட்கார்ந்துகொண்டு இதை எழுத வேண்டியிருக்கிறது.

2

1948இல் சென்னையின் யூனியன் கம்பெனி (மோட்டார்ஸ்) என்ற வணிக நிறுவனமும் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் சேர்ந்து இதைத் தொடங்கின. முதலில் வந்தது 'வான்கார்டு'. யுத்தம் முடிந்த கையோடு பிரிட்டன் ஏற்றுமதிக்காகச் செய்த குண்டு வண்டி. கப்பலில் பெட்டிபெட்டியாக வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். 1953இல் டாரிஃப் கமிஷன் பரிந்துரைக்குப் பிறகு நிலைமை மாறியது. இங்கேயே உற்பத்தி செய்யும் திட்டம் உள்ளவர்களுக்குத்தான் இடம், வெறுமனே பூட்டி விற்பவர்களுக்கு இல்லை என்றாயிற்று. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டிக்கொண்டு போயின. கல்கத்தாப் பக்கம் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு என்று மூன்று கார்க் கம்பெனிகள் மிஞ்சின. அடுத்த முப்பது வருஷம் இந்தியாவின் கார் வரலாறு இந்த மூன்று பேருடைய வரலாறுதான்.

'உரிமம் - அனுமதி' ராஜ்ஜியம் என்று இன்று கேலியாகப் பேசப்படுகிற காலம் அது. புது லைசென்ஸ் கிடைப்பது குதிரைக்கொம்பு. 1952 வாக்கில் கோவையில் ஜி.டி. நாயுடு இரண்டாயிரம் ரூபாய்க்கு இருவர் அமரும் சின்னக் கார் ஒன்றை உருவாக்கினார், சர்க்கார் உரிமம் தராததால் அது நின்றுபோனது என்று கொங்கு நாட்டில் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பழம்பெருமை பேசுவதற்கு இதை நினைவூட்டவில்லை. 'சின்ன வண்டியா, பெரிய வண்டியா' என்ற கேள்வி 1980களில் முளைத்ததல்ல என்பதற்காகச் சொல்கிறேன். 1960 வாக்கிலேயே எல்.கே. ஜா தலைமையிலான குழு விலை குறைந்த கார் வேண்டும் என்று பரிந்துரைத்துவிட்டது. அதற்குப் பிறகும் இருபது வருஷத்துக்கு மேல் அது கோப்புக்குள் கிடந்தது.

ஸ்டாண்டர்டின் நல்ல காலம் 1961இல் வந்த 'ஹெரால்டு' காரோடு தொடங்குகிறது. பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டுதான் இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆனது. 948 சி.சி. எஞ்சின், அளவான உடம்பு. அறுபதுகளின் சென்னையில் டாக்டர்களும் வக்கீல்களும் கல்லூரிப் பேராசிரியர்களும் ஓட்டிய வண்டி. அதற்கு இரண்டே கதவு. பின்னால் உட்கார வேண்டியவர் முன் இருக்கையை மடக்கிக் குனிந்து நுழைய வேண்டும். சேலை கட்டிய பெண்ணும் வேட்டி கட்டிய கிழவரும் கைக்குழந்தைக்காரியும் அப்படி நுழைவதை எண்ணிப் பாருங்கள். அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் நாலு கதவு இருந்தது.

கம்பெனி என்ன செய்தது? அறுபதுகளின் பிற்பாதியில், பிரிட்டனில் இல்லாத ஒரு நாலு கதவு ஹெரால்டை இங்கேயே வடிவமைத்தது. இந்தியாவுக்கு மட்டும் ஆன வண்டி. அதற்குள் பாகங்களும் கிட்டத்தட்ட முழுக்க இங்கேயே ஆகத் தொடங்கியிருந்தன. 1972இல் வந்த 'கெஸல்' வண்டியில் பின் அச்சையும் நம் ரோட்டுக்குத் தக்கபடி மாற்றினார்கள். இதை நான் சாதாரணமாகக் கருதவில்லை. ஒரு கம்பெனி 'குடும்பம்' என்ற அருவமான சொல்லை விட்டுவிட்டு, இந்தக் குடும்பம் வண்டிக்குள் எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்று பார்த்திருக்கிறது. கிடைத்த விடை இரண்டு கதவுகள். வண்டியைப் பெரிசாக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

3

1969இல் கார் விலைக்குச் சட்டபூர்வமான கட்டுப்பாடு வந்தது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. கார் விற்பனை சுருங்கியது. 1977இல் கெஸல் நின்றது. அடுத்த எட்டு வருஷம் ஸ்டாண்டர்டு கம்பெனி கார் செய்யவில்லை. 'ஸ்டாண்டர்டு 20' என்ற வேன் வகை வண்டிதான். ஆம்புலன்ஸாகவும் பள்ளிக்கூட வேனாகவும் சரக்கு வண்டியாகவும் ஓடிய வண்டி அது. கெளரவமில்லாத, வேலை செய்கிற வண்டி.

இந்த இடைவெளியில் தில்லியில் வேறொரு கதை நடந்தது. சஞ்சய் காந்தி 1971இல் தொடங்கிய மாருதி கம்பெனி ஒரு காரையும் ஒழுங்காக விற்காமல் திவாலானது. 1980இல் அது நாட்டுடைமையாக்கப்பட்டது. 1981இல் மாருதி உத்யோக். 1982இல் ஜப்பானின் சுசுகியோடு ஒப்பந்தம். 1983 டிசம்பரில் மாருதி 800 ரோட்டுக்கு வந்தது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், விலை ஐம்பதாயிரம் ரூபாயை ஒட்டி. தனியார் முதலாளிகள் முப்பது வருஷம் செய்யாத சின்னக் காரை அரசு முதலாளியம் அந்நியக் கூட்டோடு செய்தது என்பதை இன்றைய தாராளமயச் சொல்லாடல் வசதியாக மறந்துவிடுகிறது. இது ஒரு முரண்நகை.

நமக்கு முக்கியமானது, இதற்குப் பழைய கம்பெனிகள் மூன்றும் கொடுத்த எதிர்வினை. இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984இல் 'கான்டெஸா'வைக் கொண்டுவந்தது. உடம்பு, எழுபதுகளின் பிரிட்டிஷ் வாக்ஸ்ஹால். எஞ்சின், அம்பாசடரின் அதே 1489 சி.சி. கிழம். பிரீமியர் 1985இல் '118 என்.இ.' கொண்டுவந்தது. உடம்பு, அறுபதுகளில் இத்தாலியில் வந்த ஃபியட் 124. எஞ்சின் மட்டும் நிஸான். ஸ்டாண்டர்டு அதே 1985இல் '2000'. மூன்று பேரையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு ஒழுங்கு புலப்படுகிறது. கீழேயிருந்து ஒரு சின்ன வண்டி வந்து அடிக்கிறது. அடி வாங்கியவர்கள் மூவரும் மேல்மாடிக்கு ஏறிக்கொள்கிறார்கள். விலையில் போட்டி போட முடியாது, எஞ்சினில் போட்டி போட முடியாது, அந்தஸ்தில் போட்டி போடலாம் என்ற கணக்கு.

எங்க பக்கம் ஒரு பேச்சு உண்டு: 'கடன்காரன் வாசலுக்கு வர்ற அன்னிக்குத்தான் வீட்டுக்கு வெள்ளையடிப்பாங்க.' 1984-85இல் நடந்தது அதுதான்.

4

'ஸ்டாண்டர்டு 2000'ஐ ஒரு பிரதியாக எடுத்து வாசிப்போம்.

வெளித்தோல் ரோவர் எஸ்.டி.1. பிரிட்டிஷ் லேலண்டு 1976இல் வெளியிட்ட கார். பிரிட்டனில் 3.5 லிட்டர், எட்டு சிலிண்டர் எஞ்சினோடு வந்தது. 1977க்கான ஐரோப்பாவின் 'ஆண்டின் கார்' பட்டம் வாங்கியது. நீண்ட மூக்கு, சரிந்த முதுகு, மேலே திறக்கும் பின்கதவு. சொந்தக்காரர் தானே ஓட்டி மகிழ்வதற்காகச் செய்யப்பட்ட வண்டி. 1986இல் பிரிட்டன் அதைக் கைவிட்டது. அது அங்கே அந்திமத்தில் இருக்கும்போது நமக்கு இங்கே அது 'எதிர்காலம்' ஆகியது. காலனியத்தின் பின்னும் தொடரும் இந்தக் காலக் கணக்கு கவனிக்கத்தக்கது: மையத்தில் வழக்கொழிந்தது விளிம்பில் நவீனமாகிறது.

மூடியைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கிறது? எட்டு சிலிண்டர் இல்லை. 1991 சி.சி. கொண்ட நாலு சிலிண்டர் எஞ்சின். அதன் பூர்வீகம் 1940களின் வான்கார்டு. கம்பெனி முதன்முதலாகச் சென்னையில் பூட்டிய அதே வண்டியின் எஞ்சின் குடும்பம். அந்த எஞ்சினின் உடன்பிறப்புகள் இங்கிலாந்தில் ஃபெர்குசன் டிராக்டரை ஓட்டின. ரோவரின் எட்டு சிலிண்டரோடு ஒப்பிட்டால் குதிரைத்திறன் ஏறத்தாழப் பாதி. கனமான பெரிய உடம்பை இந்த எஞ்சின் இழுக்க வேண்டும். பெட்ரோல் குடிக்கும், ஓடாது. நம் ரோட்டுக்காக உடம்பைத் தூக்கி வேறு வைத்தார்கள். ரோவரின் அழகே அது தரையோடு படிந்து கிடப்பதில்தான் இருந்தது. இங்கே அது கால் உயர்த்தி நின்றது.

இனி 'ஸ்டாண்டர்டு' என்ற சொல். இங்கிலாந்தில் அந்தச் சொல் காலப்போக்கில் 'சாதாரணம்', 'அடிப்படை' என்ற பொருளுக்கு இறங்கிவிட்டது. 1963இல் அங்கே கார்களுக்கு அந்தப் பெயரையே விட்டுவிட்டார்கள். பெயர் பிறந்த ஊரில் செத்த பிறகும் பெருங்களத்தூரில் இருபத்தைந்து வருஷம் உயிரோடிருந்தது. காரணம் மொழியில் இருக்கிறது. தமிழில் 'ஸ்டாண்டர்டு' என்றால் உசத்தி. 'ஸ்டாண்டர்டான குடும்பம்', 'ஸ்டாண்டர்டா இருக்காங்க' என்கிறோம். அளவுகோல் என்று பொருள்பட்ட ஒரு சொல் நம்மிடம் வந்ததும் படிநிலையாக மாறிவிட்டது. சாதியச் சமூகத்தில் சொற்களுக்குக்கூட இப்படித்தான் நேர்கிறது. பெரிய காரைக் கட்டியவர்கள் இந்தப் பொருளைத்தான் விற்க நினைத்தார்கள்.

மூன்றாவதாக, இருக்கை. இந்தியாவில் பெரிய காரை அதன் சொந்தக்காரர் ஓட்டுவதில்லை. பின் இருக்கையில் இடப்பக்கம் உட்காருகிறார். முன்னால் சம்பளத்துக்கு இன்னொருவர். அம்பாசடர் அதிகாரத்தின் குறியானது இந்த இருக்கையினால்தான். உயர்ந்த கூரை, நிமிர்ந்து உட்காரலாம், துண்டு தோளிலிருந்து நழுவாமல் இறங்கலாம். கான்டெஸா இதைப் புரிந்துகொண்டு சோபா மாதிரி அகலமான பின் இருக்கையைத் தந்தது. ரோவரோ ஓட்டுநரின் கார். பின்னால் உட்காருபவர் சரிந்த கூரைக்குக் கீழே உட்கார வேண்டும். ஒரு காலத்தில் இரண்டு கதவைச் சேர்த்துக் குடும்பத்தை ஏற்றிய கம்பெனி, இப்போது குடும்பம் எங்கே உட்காரும் என்று கேட்க மறந்துவிட்டது. தலைவர் யார், ஓட்டுநர் யார், எந்தக் கதவு யாருக்கு என்பதெல்லாம் வண்டிக்குள் நடக்கும் சமூகவியல். அதைப் படிக்காமல் ஐரோப்பியப் பட்டத்தைப் படித்தார்கள்.

5

பெரிசா கட்டினதால செத்தாங்க என்று சொல்ல முடியாததற்குக் கான்டெஸாவே சாட்சி. அதுவும் பெரிய கார், அதுவும் பழைய எஞ்சினோடுதான் வந்தது. ஆனால் எண்பதுகளின் பிற்பகுதியில் ஜப்பானின் இசுசு எஞ்சினைப் பொருத்திக்கொண்டது. பிறகு டீசலும் வந்தது. 2002 வரை ஓடியது. ஆக, எஞ்சினை மாற்றியவர் பிழைத்தார். மாற்றாதவர் மூன்று வருஷத்தில் முடிந்தார்.

ஆனால் இந்த வாதத்தை இத்தோடு விடக் கூடாது. கான்டெஸா பிழைத்ததே தவிர இந்துஸ்தான் மோட்டார்ஸ் பிழைத்ததா? 2014 மே மாதம் மேற்கு வங்கத்தின் உத்தர்பாடா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி நின்றது. பெயரை மட்டும் 2017இல் எண்பது கோடி ரூபாய்க்கு பிரெஞ்சுக் கம்பெனியான பெஜோவுக்கு விற்றார்கள். பிரீமியரும் புத்தாயிரம் பிறந்த கையோடு தன் பழைய கார்களை நிறுத்திக்கொண்டது. உச்சியில் வைத்த பெரிய கார் எதுவும் அடியில் இருந்த ஆலையைக் காப்பாற்றவில்லை. உச்சி என்பது அடிவாரத்தின் பலத்தில் நிற்பது. அடிவாரம் என்றால் நாள்தோறும் விற்கிற சாதா வண்டி, அதற்கான எஞ்சின், அதைச் செய்யத் தெரிந்த கைகள். ஸ்டாண்டர்டிடம் 1985இல் சாதா கார் என்று ஒன்றும் இல்லை. அடிவாரம் இல்லாமலே உச்சியைக் கட்டியிருந்தார்கள்.

நஷ்டத்தை யார் சுமந்தார்கள் என்பது அடுத்த கேள்வி. முடிவு எடுத்தவர்கள் சிலர். வேலை போனது பலருக்கு. எஞ்சின் பழசு என்று அதைக் கையால் பூட்டிய தொழிலாளிக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? தெரிந்தாலும் சொல்ல இடம் கிடையாது. இந்தியாவில் 1976இல் அரசியல் சாசனத்தில் 43ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஆலை நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்புக்கு அரசு வழி செய்யும் என்று அது கூறுகிறது. வழிகாட்டு நெறியாகவே அது கிடக்கிறது. என்ன வண்டி கட்டுவது என்ற கேள்வி எந்தச் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலிலும் இடம்பெற்றதில்லை. கூலி கேட்போம், போனஸ் கேட்போம், பண்டத்தைக் கேட்க மாட்டோம். பண்டம் முதலாளியின் விஷயம் என்று நாமே ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

மிச்சமிருந்த உதிரி பாகங்களை பிரிட்டனில் பழைய கார்களுக்கு உதிரி விற்கும் வியாபாரிகள் வாங்கிக்கொண்டு போனார்கள். இங்கே ஓடாத ரோவரின் பாகங்கள் அங்கே பழங்கார் பிரியர்களுக்குப் பயன்பட்டன. ஆலை நின்ற நிலம் பல வருஷம் கிடந்து பிறகு ஐ.டி. வளாகமாகவும் அடுக்குமாடிக் குடியிருப்பாகவும் ஆனது. நிலத்துக்கு விலை கிடைத்தது. கைத்தொழில் அறிவுக்கு விலை கிடைக்கவில்லை.

அதே ஜி.எஸ்.டி. ரோட்டில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் மறைமலை நகர். அங்கே 1990களில் வந்த ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2022இல் அங்கே கடைசிக் கார் இறங்கியது. நியாயமான இழப்பீடு கேட்டுத் தொழிலாளர்கள் போராடினார்கள். எந்த மாடல், எந்தச் சந்தை, எவ்வளவு பெரிசு என்ற முடிவுகள் அங்கேயும் தொழிலாளர்களைக் கேட்டு எடுக்கப்படவில்லை. முப்பத்து நாலு வருஷ இடைவெளியில் ஒரே ரோட்டில் ஒரே நாடகம்.

6

இப்போது நம் ஊர்ப் பக்கம் வருவோம். பெருங்களத்தூரில் பெரிய வண்டிக்கான வேலை நடந்துகொண்டிருந்த அதே 1984இல் திருப்பூரில் வேறொன்று நடந்தது. பஞ்சப்படி கேட்டுப் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இந்தத் தொழில் வரலாற்றில் அது ஒரு திருப்பம். அதற்குப் பிறகு முதலாளிகள் எடுத்த பாதை ஸ்டாண்டர்டுக்கு நேரெதிரானது. ஒரே கூரையின் கீழ் பெரிய ஆலை வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், கட்டிங் ஓரிடம், தையல் ஓரிடம், காஜா பட்டன் இன்னோரிடம். முன்பே இருந்த ஜாப் ஒர்க் முறை இப்போது வேகம் பிடித்தது. பவர் டேபிள் தொழிலாளியே காண்ட்ராக்ட் எடுத்துச் சின்ன யூனிட் வைத்தான். எண்பதுகளின் கடைசியில் ஏற்றுமதி ஏறியது இந்தச் சின்னச் சின்ன யூனிட்டுகளின் முதுகில்தான்.

முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டையைச் சுற்றிப் பார்த்தாலே இந்த வரலாறு தெரியும். ஷெட்டுக்கு ஷெட் வேறு வேறு பெயர்ப்பலகை. ஒரு சட்டை முழுசாக எந்த ஷெட்டிலும் பிறப்பதில்லை. வெட்டிய பீஸ்களைக் கட்டுக்கட்டாக ஏற்றிக்கொண்டு மொபெட்டுகள் யூனிட்டுக்கு யூனிட் ஓடுகின்றன. இந்த மொபெட்டுக்கும் நம் விஷயத்தில் இடமுண்டு. 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. இருவர் உட்காரலாம் என்று சொல்லி விற்றார்கள். தமிழ்நாட்டில் அதுதான் மெய்யான 'குடும்ப வண்டி' ஆயிற்று. முன்னால் பையன் நிற்பான், பின்னால் மனைவி, அவள் மடியில் கைக்குழந்தை, கால் வைக்கும் இடத்தில் அரிசி மூட்டை. சரக்கு வண்டியும் அதுவே, கல்யாணத்துக்குப் போகும் வண்டியும் அதுவே. குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய வண்டி வேண்டும் என்று இயக்குநர் குழுக்கள் பேசிக்கொண்டிருந்தபோது குடும்பங்கள் ஐம்பது சி.சி.யில் போய்க்கொண்டிருந்தன.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'சிறியதே அழகு' என்று ஷூமாக்கர் 1973இல் எழுதினார். நம்மில் பலருக்கு அந்த வாக்கியம் மந்திரம் மாதிரி. திருப்பூர் அந்த மந்திரத்தைச் சோதித்துப் பார்த்த ஊர். சின்ன யூனிட்டில் சங்கம் வைப்பது கடினம். இன்று இந்த ஷெட், நாளை அந்த ஷெட். பீஸ் ரேட்டுக்கு உட்கார்ந்தால் ஒண்ணரை ஷிப்ட் முடியாமல் எழ முடியாது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. கேட்டால் 'நானும் காண்ட்ராக்ட்காரந்தானுங்க' என்பார் பக்கத்து டேபிளிலேயே தைத்துக்கொண்டிருந்தவர். சாயக் கழிவு போன நொய்யலுக்கு எந்தச் சின்ன யூனிட்டும் தனியாகப் பொறுப்பேற்கவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் வரைக்கும் போனது விஷயம். பெரிசு தொழிலாளியை ஒரே நாளில் வெளியே தள்ளுகிறது. சிறிசு தொழிலாளியைப் பிரித்துப் பிரித்துக் கரைத்துவிடுகிறது.

ஆகவே பெரிது/சிறிது என்ற இருமை எதிர்வைக் கட்டுடைக்காமல் இந்தக் கேள்விக்குள் போக முடியாது. அளவு என்பது பண்டத்தின் இயற்கைக் குணம் போலக் காட்டப்படுகிறது. அதன் பின்னால் உறவுகள் மறைந்திருக்கின்றன: எஞ்சின் யாருடையது, அறிவு யாருடையது, நஷ்டம் யாருடையது.

7

சின்னக் காரின் கதையும் இதைத்தான் காட்டுகிறது. ஸ்கூட்டரில் மழையில் நனைந்து போகும் குடும்பத்தைப் பார்த்துத் தோன்றிய எண்ணம் என்று ரத்தன் டாட்டா தன் 'நானோ' பற்றிச் சொல்லிவந்தார். 2008 ஜனவரியில் ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று அது அறிவிக்கப்பட்டது. பார்வை சரியான இடத்தில்தான் விழுந்திருந்தது. ஆனால் அந்தச் சின்னக் காருக்குச் சிங்கூரில் விவசாயிகளின் நிலம் தேவைப்பட்டது. போராட்டத்தில் அது குஜராத்தின் சாணந்துக்குப் போனது. நிலம் எடுத்தது செல்லாது என்று 2016இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018இல் நானோவும் நின்றது. 'மலிவான கார்' என்ற பட்டமே அதற்கு எமனானது. ஸ்கூட்டரிலிருந்து இறங்கியவருக்கு வண்டி மட்டும் போதவில்லை, 'ஸ்டாண்டர்டு'ம் வேண்டியிருந்தது. 1985இல் பெருங்களத்தூரில் தவறாகக் கணக்கிடப்பட்ட அந்தஸ்து, 2009இல் வேறு திசையில் தவறாகக் கணக்கிடப்பட்டது.

அரசும் அளவை உருவாக்குகிறது. 2006 பட்ஜெட்டில் நாலு மீட்டருக்குக் குறைவான நீளமும் சிறிய எஞ்சினும் உள்ள கார்களுக்கு வரிச்சலுகை வந்தது. உடனே கம்பெனிகள் காரின் வாலை நறுக்கின. டிக்கி வைத்த கார்கள் டிக்கி பாதி வெட்டுப்பட்டு நாலு மீட்டருக்குள் அடங்கின. பெரிய கார் மாதிரித் தோற்றம், சின்னக் காரின் வரி. 2023-24இல் நாட்டில் விற்ற பயணிகள் வாகனங்களில் பாதிக்கும் மேல் உயரமான 'யூட்டிலிட்டி' வகை. அதில் கணிசமானவை நாலு மீட்டருக்குள் அடங்கிய குட்டி வண்டிகள், உயர்த்தி வைத்த உடம்போடு. கால் உயர்த்தி நின்ற ஸ்டாண்டர்டு 2000ஐ அன்று கேலி செய்தார்கள். இன்று அதே நிற்றல்தான் பாணி. தோலை மாற்றி அந்தஸ்தை விற்கும் உத்தி சாகவில்லை, பக்குவப்பட்டிருக்கிறது. இம்முறை எஞ்சினையும் வரியையும் கணக்கிட்டுச் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

எனவே, கார் கம்பெனி பெரிய குடும்பக் காரைக் கட்டலாமா என்றால் என் பதில்: கட்டட்டும், மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டுக் கட்டட்டும். அதை இழுக்கிற எஞ்சினை இங்கேயே, இன்றைக்குத் தக்கபடி செய்யும் அறிவு ஆலைக்குள் இருக்கிறதா? 'குடும்பம்' என்று சொல்வது யாருடைய குடும்பம், அது எந்தக் கதவு வழியாக ஏறுகிறது என்று யாராவது நின்று பார்த்தார்களா? கணக்குத் தவறினால் முதலில் வெளியேறுவது யார் என்பது எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா? ஹெரால்டுக்கு நாலு கதவு வைத்தவர்கள் முதலிரண்டுக்கும் ஒருமாதிரிப் பதில் சொன்னார்கள். '2000'ஐக் கட்டியவர்கள் ஒன்றுக்கும் சொல்லவில்லை. மூன்றாவது கேள்வியை இருவரிடமும் யாரும் கேட்கவில்லை. சங்கங்களாகிய நாமும் கேட்கவில்லை.

திருப்பூரிலும் இன்று 'அடுத்த கட்டம்' பற்றிப் பேச்சு நடக்கிறது. சொந்த பிராண்டு, உயர்விலைச் சரக்கு, செயற்கை இழைத் துணி, பெரிய ஒருங்கிணைந்த ஆலை. மேல்மாடிக்கு ஏறும் ஆசை. அதைக் கண்ணை மூடிக்கொண்டு எதிர்ப்பது நம் வேலையல்ல. பங்களாதேஷும் வியட்நாமும் அடிக்கிற அடியில் ஏறுகிறோமா, அல்லது கையிலிருக்கும் தொழிலறிவு கனிந்து ஏறுகிறோமா என்று பார்ப்பதுதான் வேலை. முன்னதென்றால் அது வெள்ளையடிப்பு.

பெருங்களத்தூரில் ஹெரால்டையும் கெஸலையும் பூட்டிய தொழிலாளர்கள் இப்போது வயதானவர்கள். பண்டத்தின் வரலாறு கம்பெனி விளம்பரங்களிலும் பழங்கார் பிரியர்களின் நினைவுகளிலும் மட்டும் எஞ்சக் கூடாது. நாலாவது கதவை வைக்கச் சொன்னது யார், பழைய எஞ்சினைப் புது உடம்பில் இறக்கிய அன்றைக்குப் பட்டறைக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை அவர்கள் வாயால் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். 1984 வேலைநிறுத்தத்தில் நின்ற திருப்பூர்த் தொழிலாளர்களின் நினைவுகளோடு அதை அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும். தமிழ்நாட்டுத் தொழில் வரலாற்றை எழுத நினைக்கும் நண்பர்கள் இந்த இரண்டு ஊர்களிலிருந்தும் தொடங்கலாம்.